கனம் சீனியர் அவர்கள் சமூகத்துக்கு...

எங்கள் பக்கத்தில் வேலை தேடுவது ரொம்ப சுலபம். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கிச் சும்மா நின்றால் போதும். வேலையே தேடி வந்து விலாவில் இடிக்கும். கரண்ட் கம்பத்தில் நோட்டீஸ், டீக்கடைச் சுவரில் நோட்டீஸ், ஷேர் ஆட்டோவின் முதுகில் நோட்டீஸ். 'ஐ.டி.ஐ., டிப்ளமா, பி.இ. ஆண்/பெண் ஆட்கள் தேவை. தங்குமிடம், சாப்பாடு, பஸ் இலவசம். ஆதார் கார்டுடன் நேரில் வரவும்!' ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், செல்போன் செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். காலை ஷிப்ட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்களை எண்ணி முடிப்பதற்குள் மத்தியான ஷிப்ட் பஸ் வந்துவிடும்.

'எல்.எல்.பி. முடித்தவர் தேவை' என்கிற நோட்டீஸை மட்டும் இதுவரை எந்தக் கம்பத்திலும் நான் பார்த்ததில்லை.

நான் எல்.எல்.பி. முடித்தவன்.

ஏன் முடித்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் தாத்தாவின் ஒன்றரை ஏக்கர் நிலம் சிப்காட்டுக்குப் போயிற்று. கொடுத்த நஷ்ட ஈடு போதாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஸ்கூல் லீவு நாளில் வாய்தா வந்தால், அப்பா ஒரு கையில் மஞ்சப் பையையும் இன்னொரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு போவார். காலையிலிருந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் நாலு மணிக்குப் பெயரைக் கூப்பிடுவார்கள். எங்கள் வக்கீல் எழுந்து ஜட்ஜிடம் ஏதோ அரை நிமிஷம் இங்கிலீஷில் சொல்வார். வெளியே வந்து, "அடுத்த மாசம் பதினாலாந் தேதி" என்பார். அந்த அரை நிமிஷத்தில் என்ன சொன்னார் என்பது அப்பாவுக்கும் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சட்டம் படித்தேன் என்று சொன்னால் சினிமா வசனம் மாதிரி இருக்கும். ஆனால், உண்மை அதுதான். இப்போது தெரிந்துவிட்டது. அவர் சொன்னது: "டைம் வேணும், யுவர் ஆனர்."

படித்து முடித்தாயிற்று. அடுத்து எங்கே அப்ளை பண்ணுவது?

வெள்ளைக்காரன் ஊரில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறான். அங்கே சொலிசிட்டர் ஆக ஆசைப்படுகிறவன் முதலில் 'டிரெய்னி சொலிசிட்டர்' ஆகலாம். விளம்பரம் வரும். பாரம் உண்டு, கடைசித் தேதி உண்டு, இன்டர்வியூ உண்டு, முக்கியமாகச் சம்பளம் உண்டு. ரெண்டு வருஷப் பயிற்சி. வழக்கமாக ஆறு மாசத்துக்கு ஒரு இலாகா என்று மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். 2021 செப்டம்பரில் எஸ்.க்யூ.இ. என்று புதுப் பரீட்சை கொண்டுவந்த பிறகு, அந்த ரெண்டு வருஷ அனுபவத்தை நாலு இடம் வரை பிரித்துச் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. ஒவ்வொரு ஆறு மாசத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமோ? 'சீட்'! நம் ஊரில் ஜூனியர் வக்கீலுக்கு உட்காருகிற சீட்டே கிடைப்பதில்லை. சுவரோரம் நின்றபடியேதான் கட்டைப் பிரிக்க வேண்டும்.

மெட்ராஸ் ஹைகோர்ட்டிலும் ஒரு காலத்தில் பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல் என்று தனித்தனி வரிசை இருந்ததுதான். 1961-ல் வந்த அட்வகேட் சட்டம் எல்லோரையும் 'அட்வகேட்' என்கிற ஒரே பாயில் உட்காரச் சொன்னது. ஒட்டிக்கொண்டிருந்த அட்டர்னியும் 1976 திருத்தத்தோடு போய்விட்டார். பம்பாயில் மட்டும் ஒரு சங்கம் இன்னும் சொலிசிட்டர் பரீட்சை நடத்திக்கொண்டிருக்கிறது. 1995-ல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா, 'இனிமேல் ஒரு வருஷம் சீனியரிடம் பயிற்சி எடுத்தால்தான் பதிவு' என்று ஒரு விதி போட்டுப் பார்த்தது. 'அதற்கு உங்களுக்கு அதிகாரமில்லை' என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிவிட்டது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அதே 1961-ல், அதே பார்லிமென்ட்டில் நிறைவேறியதுதான் அப்ரண்டிஸ் சட்டமும். அதன்படி, லேத் பட்டறையில் தொழில் பழகுகிற ஃபிட்டர் பையனுக்கு மாசாமாசம் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். டாக்டருக்கு ஹவுஸ் சர்ஜன் காலத்தில் காசு. ஆடிட்டருக்கு ஆர்ட்டிகிள்ஷிப்பில் காசு. வக்கீலுக்கு? ஆசீர்வாதம்!

பதிவு செய்கிற விஷயத்தில் மட்டும் எனக்குச் சுக்கிர தசை. பதிவுக் கட்டணம் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் எழுதியிருப்பது 750 ரூபாய்தான், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான், அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகுதான் நான் சன்னத்து வாங்கினேன். கோட்டும் கவுனும் தைக்கக் கொடுத்த காசு அதைவிட அதிகம்.

கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்ட மறுநாளே அப்ளை பண்ண ஆரம்பித்துவிட்டேன். சென்னையில் பெரிய பெரிய லா ஃபர்ம்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஈ-மெயிலில் 23 பயோடேட்டா அனுப்பினேன். ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. 'நேரில் வாருங்கள்' என்றிருந்தது. பெயர் வேண்டாம், பெரிய இடம்.

ஏ.சி. ரூம். என் வயசே உள்ள ஒரு பெண்மணி கேள்வி கேட்டார். எந்தக் காலேஜ்? சொன்னேன். மூட் கோர்ட் போட்டி எத்தனை ஜெயித்திருக்கிறீர்கள்? சொன்னேன் (சொல்ல அதிக நேரம் பிடிக்கவில்லை). இன்டர்ன்ஷிப் எங்கே? காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலிடம் என்றேன். "டெல்லி, பாம்பேயில் ஏதாவது?" என்றார். டெல்லியில் ஒரு மாசம் சம்பளமில்லாமல் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டுமானால், ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் ஒரு பசு மாட்டை விற்க வேண்டும் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "வீ வில் கெட் பேக் டு யூ" என்று முடித்துவிட்டார். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது பாரிமுனை. தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு, லிங்கிச் செட்டித் தெரு... ஹைகோர்ட்டுக்கு எதிரே உள்ள இந்தத் தெருக்களில் மாடிக்கு மாடி வக்கீல் போர்டுதான். ஒரு சீனியர் உடனே சேர்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "காலைல எட்டரைக்கு வந்துடணும், ராத்திரி ஒன்பது ஆகும்" என்றார். சம்பளப் பேச்சு வரும் வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, நான் ஜூனியரா இருந்தப்போ என் சீனியர் ஏழு வருஷம் பஸ் காசு கூடக் குடுத்ததில்ல!"

சொன்னபோது முகத்தில் அப்படியொரு பெருமை. பட்டினி கிடந்ததைப் பரம்பரைச் சொத்து மாதிரி கையில் எடுத்துக் கொடுக்கிறார். மாத்தூரிலிருந்து எட்டரைக்குப் பாரிமுனை என்றால், வீட்டை விட்டு ஐந்தரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். இல்லையென்றால் மேன்ஷனில் ரூம் எடுக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் கட்டத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தவர் மகாத்மா காந்தி. 1891-ல் லண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பியவர், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் கேஸில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய் பீஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒரு ஸ்கூலில் தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க 75 ரூபாய் என்று விளம்பரம் பார்த்து அப்ளை பண்ணினார். பி.ஏ. படிக்கவில்லை என்று அதையும் கொடுக்கவில்லை! 1893-ல், ஒரு வருஷத்துக்கு 105 பவுன் தருவதாக ஒரு வியாபாரக் கம்பெனி கூப்பிட்டுத்தான் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஆக, கம்பெனி வேலை ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கம்பெனி வேலையே வந்தது.

கார் பாகம் செய்கிற ஒரு ஃபாக்டரி. என் கூடப் படித்த நண்பன் அங்கே லைனில் சூப்பர்வைசர். "மச்சான், எச்.ஆர்.ல லீகல் எக்ஸிக்யூடிவ் கேக்கறாங்கடா. 28,000. பஸ், கேன்டீன், பி.எஃப்., இன்சூரன்ஸ்... வாடா!" என்றான். எங்கள் பக்கத்து ஃபாக்டரிகளுக்கு இப்போது சட்டத்தின் மேல் திடீர் பக்தி வந்திருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் ஸ்டிரைக் செய்ததும், சங்கத்தைப் பதிவு செய்கிற விவகாரம் ஹைகோர்ட் வரைக்கும் போய் 2025 ஜனவரியில் பதிவு ஆனதும் ஒரு காரணம். 2025 நவம்பர் 21-லிருந்து நாலு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, பழைய செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறிப்போனது இன்னொரு காரணம்.

மூன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. 28,000! அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் வேன் ஓட்டுகிறார். ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. ராத்திரி ஒன்றரைக்கு வந்து படுத்துக் காலை நாலரைக்கு மறுபடி எழுந்திருப்பார். 28,000 வந்தால் அந்த நாலரை மணியையாவது நிறுத்திவிடலாம்.

எச்.ஆர். மேனேஜர் தங்கமான மனுஷர், அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. காபி கொடுத்தார். அப்புறம்தான் பார் கவுன்சில் விதி 49 ஞாபகத்துக்கு வந்தது. மாசச் சம்பளத்துக்கு முழு நேர வேலையில் சேருகிற வக்கீல், சன்னத்தை நிறுத்திவைக்க வேண்டும். கோட்டைக் கழற்றிப் பீரோவில் மாட்டிவிட வேண்டியதுதான். முன்சீப் பரீட்சை எழுதலாம் என்று ஓர் ஓரத்தில் ஆசை வைத்திருந்தேன். அதற்கு மூன்று வருஷமாவது வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே 20-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஃபாக்டரியில் உட்காருகிற வருஷங்கள் அந்தக் கணக்கில் ஏறாது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "சாம்பிளுக்கு இதைப் பாருங்க, எப்படி ரிப்ளை போடுவீங்க?" என்று மேனேஜர் ஒரு நோட்டீஸை நீட்டினார். கான்ட்ராக்டில் இருந்து நிறுத்தப்பட்ட ஒருத்தர் அனுப்பிய நோட்டீஸ். விலாசத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர். அப்பாவின் வேனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருகிறவர். கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யும், அதை எடுத்துச் சொல்லவும் ஒரு வக்கீல் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், என் முதல் கையெழுத்தே அந்த அண்ணனுக்கு எதிராக என்றால் கை வரவில்லை. "யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன்.

மிச்சமிருந்தது உள்ளூர்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேக்கரி மாடியில் ஒரு சீனியரின் ஆபீஸ். பப்ஸ் வாசனையோடு சட்டம் நடக்கிற இடம். விபத்து, செக், நிலம், இந்த மூன்றும்தான் அவருடைய தொழில். கீழே பெங்களூர் ரோடு ஓடுகிறவரைக்கும் விபத்து நஷ்ட ஈட்டு வழக்குக்குப் பஞ்சமில்லை. ஃபாக்டரிக்குச் சரக்கு சப்ளை பண்ணுகிற சின்னச் சின்ன ஆட்கள் இருக்கிறவரைக்கும் செக் திரும்புகிற 138-க்கும் பஞ்சமில்லை.

முதல் தடவை போனேன், காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ரெண்டாவது தடவை, தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை, என்னைப் பார்த்ததும் ஒரு கட்டைக் கையில் கொடுத்து, "ரெண்டு செட் ஜெராக்ஸ்" என்றார். எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார். இதே ஊரில் பிறந்த ராமானுஜர், உபதேசம் வாங்க ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 தடவை நடந்தார் என்று சொல்வார்கள். எனக்காவது டவுன் பஸ் இருந்தது. நாலாவது தடவையும் போனேன்.

"302 என்ன?" என்றார் எடுத்த எடுப்பில்.

"எந்தச் சட்டத்துல சார்? பழசுல கொலைக்குத் தண்டனை. 2024 ஜூலை 1-லேருந்து வந்த பி.என்.எஸ்.ல 302-ன்னா, மத உணர்வைப் புண்படுத்தணும்னே வேணும்னு பேசறது. கொலைக்கு 103."

சீனியர் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்குத்தான்யா ஒரு சின்னப் பையன் வேணுங்கறது. என் வாயில இன்னும் 420தான் வருது!"

எனக்குத் தெம்பு வந்தது. அந்த நேரம் பார்த்து என் ஃபைலிலிருந்து ஒரு பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது. "என்ன அது?" என்று அவரே எடுத்துப் பார்த்தார். 2024 ஜூனில் மெட்ராஸ் ஹைகோர்ட் போட்ட உத்தரவு. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் பெஞ்ச். ஜூனியர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் விடுவது சுரண்டல். சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாசம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 உதவித்தொகை என்று பார் கவுன்சில் சர்க்குலர் போட வேண்டும் என்று சொன்ன உத்தரவு. அதே வருஷம் அக்டோபரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சிபாரிசு செய்தது. மாசக்கணக்காக அந்தப் பேப்பரைச் சுமந்துகொண்டு அலைந்தேனே தவிர, எந்தச் சீனியர் முகத்துக்கு நேராகவும் நீட்டத் தைரியம் வரவில்லை.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "எனக்கே நோட்டீஸா?" என்றார். குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். "சரி, மனுதாரர் தரப்பு வாதத்தை ஆரம்பிக்கலாம்."

விளையாட்டாகச் சொல்கிறாரா, வினையாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், பஸ், மத்தியானச் சாப்பாடு, டீ, செல்போன், வெள்ளைச் சட்டை சலவை... இங்க வந்து போறதுக்கே மாசம் 4,000 ஆகும். நீங்க ஒண்ணும் குடுக்கலைன்னா அந்தக் காசை எங்க அப்பா குடுப்பாரு. அதாவது இந்த ஆபீஸ்ல ஜூனியருக்குச் சம்பளம் எப்பவும் போயிட்டுத்தான் இருக்கு சார். குடுக்கறது மட்டும் நீங்க இல்ல, நாலரை மணிக்கு எழுந்து வேன் ஓட்டற ஒருத்தரு. அவரு இந்தக் கேஸ்ல பார்ட்டியே இல்ல சார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கீழே பேக்கரியில் யாரோ பன் கேட்டார்கள்.

"எதிர்மனுதாரர் சொல்றதையும் கேளு தம்பி. நான் மட்டும் ஒண்ணாந் தேதி சம்பளம் வாங்கறவனா? விபத்து கேஸ் போட்டு, தீர்ப்பாகி, இன்சூரன்ஸ்காரன் அப்பீல் போய், பணத்தைக் கட்டி, கட்சிக்காரன் எடுத்து எனக்கு பீஸ் குடுக்கறதுக்குள்ள ரெண்டு மூணு தீபாவளி போயிடும். மாசாமாசம் 15,000 எடுத்து வைன்னா எங்கேருந்து வைப்பேன்? போன மாசம் இந்த மாடிக்கு வாடகையே பாக்கி!"

அதிலும் நியாயம் இருந்தது. உத்தரவு போட்ட ஹைகோர்ட்டுக்கு எதிரே கார் மேல் கார் வைத்திருக்கிற சீனியர்களும் உண்டு, பேக்கரி மாடி சீனியர்களும் உண்டு. ரெண்டு பேருக்கும் அதே சர்க்குலர்தான்.

குமாஸ்தாதான் நடுவில் வந்தார். "சார், வாரத்துல ரெண்டு நாள் காஞ்சிபுரம் போக நமக்கு ஆளில்ல. வாய்தாவை விட்டுட்டுக் கட்சிக்காரங்ககிட்ட நான்தான் திட்டு வாங்கறேன்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

சீனியர் பேனாவை மூடினார். "8,000. பஸ் காசு தனி. நீயே பார்த்து நடத்தற விபத்து கேஸ்ல வர்ற பீஸ்ல உனக்கு ஒரு பங்கு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பேசலாம்." குமாஸ்தா கீழே போய் பேக்கரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டார். அதை நான் எதிர்பார்க்கவேயில்லை.

ஃபாக்டரிக்குப் போன் பண்ணி, "வரலை சார், மன்னிச்சுக்கணும்" என்றேன். 28,000-லிருந்து 8,000-ஐக் கழித்தால் எவ்வளவு என்று அம்மா அன்றைக்கு முழுக்க வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வேனைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார், "ஏன்டா, அந்த ஆர்டர்ல 15,000-ன்னுதானே போட்டிருந்துச்சு?"

"இது இடைக்கால உத்தரவுப்பா."

"மீதி?"

"ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம்னு சொல்லியிருக்காரு."

"வாய்தான்னு சொல்லு" என்று துணியை உதறினார். "அது நமக்குப் பழக்கம்தான். கோட்டை எடுத்துக்கினு வண்டியில ஏறு, பெரும்புதூர்ல எறக்கி வுட்டுட்டுப் போறேன்."